மூடி இல்லாத வாள்

மூன்றாவது இயந்திரத்திலும் மூடி இல்லை.

முதல் இரண்டில் இல்லாததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காட்சிக்கு வைத்திருக்கும் சாமான்களில் ஏதாவது ஒன்று குறைவது எந்தக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் இந்தக் கடைக்காரர் மரம் அறுக்கும் மேசை இயந்திரங்களை, எட்டு டேபிள் சாவை, வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் வட்ட வாள் பாதி உடம்பை மேலே நீட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எதன்மேலும் கை படாமல் காக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடி இல்லை. இயந்திர எண்ணெயும் புது அட்டைப்பெட்டியும் கலந்த வாடை கடை முழுக்க அடித்தது.

"கவரையெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு இயந்திரத்தைப் பார்த்தார். "மாட்டித்தானே மேடம் இருக்கு" என்று வாளுக்கு நாலு விரல் மேலே, வெறும் காற்றில், விரலை மடக்கித் தட்டினார். டக் டக் என்று பிளாஸ்டிக் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கண்ணாடிய மாத்துன்னு ஆறு மாசமா சொல்றேன், கேட்டாதானே" என்றார் அவள் கணவர். இரண்டு வாரமாக வீடியோ பார்த்து, சுத்தியலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமலேயே மரவேலையில் கரைகண்டவராகிவிட்டிருந்தார். கடைக்காரரை அடுத்த இயந்திரத்துக்கு இழுத்துப்போய் மோட்டாரைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார்.

அவர்கள் முதுகைத் திருப்பியதும் அவள் விரலை நீட்டினாள். கடைக்காரர் தட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. விரல் இறங்கிக்கொண்டே போய் வாளின் ஒரு பல்லில் பட்டது. ஜில்லென்றிருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, இது பிடிக்கலையா?"

தம்பி பின்னால் நின்றிருந்தான். வலது கை வழக்கம்போல் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அந்தக் கையில் மிச்சமிருப்பது கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். வாட்ச் ரிப்பேர்க்காரன் அவன். கடுகளவு திருகாணியை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பொருத்திய பிழைப்பு போய், இப்போது அதே கடையின் வாசலில் உட்கார்ந்து இடது கையால் பேட்டரியும் பட்டையும் விற்கிறான். அந்த மூன்று விரல்களும் போனது அக்கா வீட்டு ஷெட்டில், அக்காவின் டேபிள் சாவில்.

புது இயந்திரம் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான். "என்னாலதான நீ மரவேலையையே விட்டுட்ட. கை போனதவிட அதுதான்கா எனக்கு உறுத்துது" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவான். உறுத்த வேண்டியது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

"இன்னும் ரெண்டு கடை பார்க்கலாம்டா" என்றாள்.

மற்ற கடைகளிலும் அப்படித்தான். ஒரு கடையில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர் வாளுக்கு மேலே காற்றை வளைத்து வளைத்துத் துடைத்தார். வீட்டுக்கு வந்து விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டினால், வழவழப்பான தாளில் அச்சடித்த அத்தனை வாளும் மொட்டை. "இதுல கவர் எங்கங்க?" என்று கணவரிடம் கேட்டபோது அவர் படத்தில் விரலை வைத்து, "இதோ, சிவப்புக் கலர்ல, பூசணிக்காய் சைசுக்கு" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இழுப்பறைக்கு அடிப்பலகை செருகுவதற்காக அவள் காடி எடுத்துக்கொண்டிருந்தாள். காடி என்றால் பலகையை முழுசாக அறுப்பதில்லை, மேலோடு ஒரு பள்ளம் இழுப்பது. அதற்கு வாளின் மேலிருக்கும் மூடியைக் கழற்றியாக வேண்டும், முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். கழற்ற ஒரு நிமிடம், மாட்ட நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டாள். விருந்துக்கு வந்திருந்த தம்பி முதல் ஆளாகச் சாப்பிட்டு முடித்து, தன் கடை அலமாரிக்கு ஒரு துண்டுப் பலகை வெட்ட ஷெட்டுக்குப் போனான். அதில் பலமுறை வெட்டியவன். மூடி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியிருக்காது. அக்காவின் வேலை என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்பது அவன் நினைப்பு.

பலகை எகிறியது. அந்த அலறலை இன்றைக்கும் அவளால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் அடுத்தவர் விரல் நுனியில் ஊசி குத்துகிறவளுக்கு ரத்தம் பார்த்து மயக்கம் வராது. துண்டால் இறுக்கிச் சுற்றி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, கணவரோடு காருக்கு அனுப்பினாள். "விரலை எடுத்துட்டு வரேன், வண்டிய எடுங்க" என்றாள். மரத்தூளில் இரண்டு கிடந்தன, இன்னொன்று அலமாரிக் காலருகில். சுத்தமான துணி, பை, ஐஸ் என்று அவளுக்குத் தெரியாததா? ஆனால் அவள் கை முதலில் எடுத்தது ஸ்பேனரை. நாலு நிமிடம் நின்று மூடியை மாட்டினாள். கடைசி போல்ட்டை இறுக்கும்போது வெளியே ஹாரன் விடாமல் அலறியது. அப்படியே ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டாள், வெறுங்கையோடு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட பிறகு கணவர் திரும்பி வந்து பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

"கவரோடதான் வச்சிருந்தேன். இவன்தான் அதத் தூக்கிவிட்டுட்டு வெட்டியிருக்கான்" என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள், தம்பியும்தான். "உங்க அவசரப் புத்திதான் நம்மள இப்படி உட்கார வச்சிருக்கு" என்று அவன் மனைவி ஒரு வருடமாக இடித்துக் காட்டுகிறாள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஒரு சின்ன லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினான். "நீ இந்த ஜென்மத்துல எதையும் தேர்ந்தெடுக்க மாட்ட. அதான் நானே எடுத்துட்டேன்" என்றான்.

ஷெட்டில் பழைய இயந்திரம் நின்ற அதே இடத்தில் வைத்தார்கள். பினாயில் போட்டு எத்தனை முறை கழுவியும் போகாத கறைமேல் புது இரும்புக் கால்கள் உட்கார்ந்தன. கணவர் அவளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, "கவர் இதுல இருக்கு, பிடி, கீழ போட்டுடாத" என்றார். பை கனத்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவர் அதற்குள் கைவிட்டு எதையோ வெளியே எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, வாளின்மேல் வைத்தார். ஸ்பேனர் காற்றைப் பிடித்துத் திருகியது. போல்ட் இறுகும் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் வயர் எடுத்து வர வீட்டுக்குள் போனார். அக்காவும் தம்பியும் தனியாக நின்றார்கள். வெயில் தாழ்ந்ததில் தகரக் கூரை சுருங்கிச் சுருங்கிப் படபடத்தது.

"அக்கா, நான் எதுக்கு அன்னைக்குக் கவரைத் தூக்கினேன்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். தூக்கின மாதிரி ஞாபகமே இல்ல" என்றான் தம்பி. "கவர் இருந்துச்சாங்கறதே ஞாபகத்துல இல்ல. எனக்குப் புத்தி ஏதாவது பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. இதைவிட நல்ல நேரம் வராது.

"அதிர்ச்சியில மறந்துருக்கும்டா" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

கணவர் வயரோடு வந்தார். தம்பி பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தான், சாய்த்து வைத்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். "முதல் பலகைய நான்தான் வெட்டுவேன். இல்லன்னா இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது."

"வேண்டாம்டா."

"மாமா பக்கத்துலயே நிக்கறாருல்ல. நீ ஒரே ஒரு தடவ பார்த்துச் சொல்லுக்கா. கவர் சரியா இருக்குல்ல? நீ சொன்னா போதும் எனக்கு."

அவள் பார்த்தாள். குழல் விளக்கு வெளிச்சத்தில் வாள் மொட்டையாக நின்றது. ஒவ்வொரு பல்லும் தெரிந்தது. கணவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு இருக்கிறது, தம்பி கண்ணுக்கும் இருக்கிறது. கடைக்காரர் தட்டிய சத்தம்கூடக் கேட்டதே. இல்லாதது என் கண்ணுக்குத்தான், கோளாறு என்னிடம்தான். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வரும்.

"இருக்கு" என்றாள்.

ஸ்விட்ச். மோட்டார் உறுமி மேலேறி ஒற்றைச் சுருதியில் நின்றது. புது மரத்தின் இனிப்பு வாசனை கிளம்பியது. தம்பி மிச்சமிருந்த இரண்டு விரலால் பலகையை ஓரச் சட்டத்தோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் தள்ளினான். கை வாளருகே போகாமல் பலகையைத் தள்ளுவதற்கான தள்ளுகட்டை ஆணியில் தொங்கியது. அவன் எடுக்கவில்லை. இடது கை வாளுக்கு நேராக ஊர்ந்தது. ஒரு சாண். அரைச் சாண். நாலு விரல்கடை.

"கவர் இல்லடா!" என்று கத்தினாள். "நான்தான் கழட்டினேன். அன்னைக்கே நான்தான் கழட்டினேன்!"

இயந்திரம் அவள் குரலை மென்று தின்றது. அவளுக்கே கேட்கவில்லை.

கை வாளைத் தொட்டது. சுருதி மாறியது. தணிந்தது, ஈரமானது, பிறகு பழையபடி ஏறியது. தம்பி நிறுத்தவில்லை. முகம் சுளிக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனான். பலகை இரண்டாகி அந்தப் பக்கம் விழுந்தது. அவன் ஸ்விட்சை அணைத்தான்.

நாலு விரல்கள் மேசைமேல் மரத்தூளில் கிடந்தன. ஒன்று மெல்ல மடங்கியது. கணவரின் சட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அவர் கண்ணிலிருந்த தூளைத் துடைத்துக்கொண்டு, பலகையை ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட்டார். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றார்.

தம்பியின் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு மலர்ந்திருந்தது. இடது கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்து, அவள் செருப்புமேல் சொட்டியது. சூடாக இருந்தது.

"ஏதோ கத்தினியே, என்னக்கா?"

ஷெட் நிசப்தமாக இருந்தது. இப்போது எதைச் சொன்னாலும் கேட்கும். அவன் காத்திருந்தான். கணவரும் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப இன்னொண்ணு வெட்டறேன்" என்று அவன் அடுத்த பலகையை உள்ளங்கையால் தள்ளிக் கொண்டுவந்தான். மோட்டார் உறுமியது. அவள் கத்தினாள். சுருதி தணிந்தது, ஏறியது. அணைந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

மூன்றாவது பலகை. மணிக்கட்டால் தள்ளினான்.

"என்னமோ சொல்ல வர. சொல்லேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

நான்காவது பலகையை முழங்கையால் அணைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு அவள் முகத்தைப் பார்த்தபடி, அவன் ஸ்விட்சுக்குக் குனிந்தான். சுவரோரம் இன்னும் ஒன்பது பலகைகள் சாய்ந்திருந்தன.