கட்டுப் போட வந்த நாற்பத்தொரு பேர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அய்யனார் கோவில் அருவியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். அப்போது அங்கே தண்ணீர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அன்று ஞாயிற்றுக்கிழமை. பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓடவில்லை. தறிக்கூடத்துத் தரையில் கிளாட்வினும் தங்கை ஜூடியும் பகடை உருட்டி ஜாம்பி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்காரன், வில்லாளி எல்லாம் கிளாட்வினே. ஜூடி எப்போதும் வைத்தியர். அந்த வேஷத்தை வேறு யாரும் கேட்பதில்லை.

"ஜாம்பி வருதான்," என்றான் கிளாட்வின்.

"ஓடியா வருதான்?"

"செத்தவன் எப்படிட்டி ஓடுவான்? மெதுவா நடந்துதான் வருவான்."

வெளியே திமுதிமுவென்று ஓடும் சத்தம் கேட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட, காலையில் ஜேசிபி வந்து தோண்டியிருந்தது. அதன் இரும்புப் பல் கல்லறைகளுக்குள்ளும் இறங்கிவிட்டது. உள்ளே படுத்திருந்தவர்கள் கிழிந்துபோய் எழுந்தார்கள். நாற்பத்தொரு பேர். ஜேசிபி டிரைவரின் தோளைக் கடித்தார்கள். ஒரு ஆட்டைப் பாதி தின்றார்கள். ராஜபாளையம் பஸ்ஸை முந்திக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள்.

தறிக்கூடத்துக் கதவு பெயர்ந்து விழுந்தது. கிளாட்வின் நூல் மூட்டைகள்மேல் ஏறினான். முதலில் நுழைந்தவர் அவன் காலைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி ஜூடி, பின்வாசல் வழியா ஓடிரு."

ஜூடி ஓடவில்லை. இழுத்தவர் ஞானதுரை மாமா. போன மாதம் இறந்துபோன தறி மெக்கானிக். அவருடைய வலது கை தோளோடு பிய்ந்து தொங்கியது. மண் ஒழுகும் வாயால் ஊளையிட்டார்.

காலில் ஆணி குத்தியபோது கிளாட்வினும் இப்படித்தான் மூன்று தெரு ஓடினான். பிடித்து நிறுத்திய நர்ஸம்மாவைக் கடித்தும் வைத்தான்.

"அண்ணே, மாமாவுக்குக் கோவமில்ல. வலிக்குது."

"எனக்குந்தான் வலிக்கப்போகுது. கணுக்கால்ல வாய வச்சிட்டாரு."

ஜூடி பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்தாள்.

"மாமா, செத்த நேரம் ஆடாம இருங்க."

மாமா திரும்பினார். அவர் பல் ஜூடியின் மணிக்கட்டில் பதிந்தது. ஜூடி கையை இழுக்கவில்லை. மற்ற கையால் தோளைச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் பல் விலகியது. மாமா தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். கிளாட்வின் கால் அவர் பிடியிலிருந்து நழுவியது.

வாசலில் மற்ற நாற்பது பேரும் முட்டினார்கள்.

"வரிசையில வாங்க. முந்துறவுகளுக்குக் கட்டு கிடையாது," என்றாள் ஜூடி.

நின்றார்கள். ஓர் ஆச்சி மட்டும் நடுவில் நுழையப் பார்த்தாள்.

"ஆச்சி, உங்க தலை தனியா இருக்கு. கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, வாரேன்."

கிளாட்வின் கீழே இறங்கிக் கத்தரிக்கோலை எடுத்தான். "எம்புட்டு நீளம் வெட்ட?"

"எம்புட்டுக் காயமோ அம்புட்டு."

மாலைக்குள் மூன்று மாத நெசவு தீர்ந்தது. வெள்ளை வெள்ளையாக எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். அவரவர் குழியில் படுத்து, மண்ணைத் தாங்களே இழுத்து மூடிக்கொண்டார்கள்.

வரிசையில் கடைசியாக நின்றவர் ஜேசிபி டிரைவர். அவருக்கு உயிர் இருந்தது. இருந்தாலும் முந்தவில்லை. ஜூடி அவர் தோளுக்கும் கட்டுப் போட்டாள்.

இது நடந்த அன்று ஜூடி பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இதையும் அருவியில் நின்றே சொல்வேன்.