நாற்பத்திரண்டாம் எண்

நகப்பூச்சு பாட்டிலை அவள் இன்னும் திறக்கவே இல்லை. ஆனால் அகழாய்வுக் கிடங்கு முழுக்க அதன் வாடை தூக்கலாக அடித்தது. தோண்டியெடுத்த ஒவ்வோர் எலும்புக்கூட்டிலும் மையால் எண் எழுதி, அழியாமலிருக்க அதன்மேல் நிறமில்லாத நகப்பூச்சு தடவுவது பதிவாளரான அவளுடைய வேலை. நாற்பத்தொன்றும் நேற்றே முடிந்துவிட்டன.

காலையில் இயக்குநர் வந்திருந்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தினதுன்னு எழுதும்மா. இது நம்ம மண்ணுன்னு சொல்ல அது போதும்."

"சார், பிளாஸ்டிக் பட்டன் கிடைச்சிருக்கு. இவங்க போன சண்டையில காணாமப்போனவங்க. ஒரு அக்கா, தன் புருஷன் போட்டோவோட தினம் கேட்ல வந்து நிக்கிறாங்க."

"எந்தப் பட்டன்?" அவர் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டாள். வேலைக்குப் பயந்து, தலையையும் ஆட்டிவிட்டு, நாற்பத்தொரு தாளிலும் 'ஆயிரம் ஆண்டு' என்று எழுதியும் விட்டாள். அந்த ஆளைக்கூட மன்னிக்கலாம், தன்னை மன்னிக்க முடியாது என்றிருந்தது.

அலமாரிகளுக்குப் பின்னால், எலும்பிலிருந்து மண்ணைத் தட்டும் மெல்லிய தூரிகை, அவள் கை தேய்க்கிற அதே நிதானத்தோடு, சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தது.

"யாரு அங்க?"

நின்றது. மறுபடி தொடங்கியது. பக்கத்தில்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு பட்டன் உருண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. நூலோடு.

மணிக்கட்டில் ஈரம். சில்லென்று. குனிந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு. அவள் கையெழுத்து. மேலே நகப்பூச்சு, காயாமல்.

தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். தோல் உரிந்து வந்தது. எண் எலும்பில் இருந்தது.

கதவு திறந்தது. இயக்குநரும் காவலாளியும்.

'சார்!' என்று கத்தினாள். வாயிலிருந்து மண்தான் கொட்டியது.

இயக்குநர் குனிந்து பார்த்தார். "இது எப்பய்யா வந்துச்சு?"

"தெரியல சார். ஆனா நம்பர் போட்டிருக்கு."

"எத்தனை வருஷமாம்?"

காவலாளி அவள் பக்கத்தில் கிடந்த தாளைத் தூக்கிப் பார்த்தான். "ஆயிரம் சார்."

"அப்பச் சரி. உள்ள வை."

திறந்த கதவு வழியே கேட் தெரிந்தது. அந்த அக்காவுக்குப் பக்கத்தில் இவளுடைய அம்மா நின்றிருந்தாள், தலையெல்லாம் நரைத்து, கையில் மகளின் போட்டோவோடு.