குண்டனின் பழைய மண்

பெரியவர்கள் சுத்தம் செய்யக் கிளம்பினால் ஏதாவது ஒன்று தொலைந்தே தீரும். அன்று மாமாவின் செடி விற்கும் தோட்டத்தில் தொலைந்தது குண்டன்.

குண்டன் ஒரு தேரை. முதுகில் வெள்ளைத் தழும்பு. குழாயடியில் கவிழ்ந்து கிடந்த ஓட்டைத் தொட்டிதான் அவன் வீடு.

"செடி வாங்க வந்த அம்மா அவனைப் பாத்து அலறிட்டாங்க. வாளியில போட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குளத்துல விட்டுட்டேன்" என்றார் மாமா. குழாயடியெல்லாம் பினாயில் நெடி.

"மூக்கால மோந்து மோந்தே திரும்பி வருவான் மாமா. டீச்சர் சொன்னாங்க" என்றாள் அவருடைய அக்கா மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"உங்க டீச்சர் தேரைகிட்டப் போய்க் கேட்டாங்களாக்கும்!"

வாயாடிக்குப் பயம் வேறு. அந்தச் சாலையில் லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கும்.

மூன்றாம் நாள் காலை. மழைத் தூறல். வாசல் கேட்டருகே தொப்பென்று ஏதோ குதித்தது. முதுகில் வெள்ளைத் தழும்பு!

"மாமா, வந்துட்டான்!"

அவனைத் தூக்கிக் குழாயடியில் விட்டாள். ஒரு நொடி நின்றான். வெடுக்கென்று திரும்பி மறுபடி கேட்டை நோக்கித் தத்தினான்.

"பாத்தியா? அவனுக்கே பிடிக்கல" என்றார் மாமா.

"பினாயில் நாத்தத்துல அவனுக்கு வீடே தெரியல! தொட்டிக்கு அடியில இருந்த மண்ணு எங்க?"

"சாக்குல கட்டிக் குப்பையோட வச்சிருக்கேன்."

"கேட்டை மூடுங்க மாமா!"

வாயாடி ஓடினாள். தன் எடைக்குப் பாதி இருந்த சாக்கை இழுத்து வந்தாள். ஆட்கள் வராத பின்சுவர் மூலையில் அந்த மண்ணைக் கொட்டினாள். அதன்மேல் ஓட்டைத் தொட்டியைக் கவிழ்த்தாள். கேட்டருகே இருந்த குண்டனைத் தூக்கி வந்து சற்றுத் தள்ளி இறக்கிவிட்டாள்.

அவன் அசையவில்லை. தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. வாயாடி குந்தி உட்கார்ந்து அவனையே பார்த்தாள்.

ஒரு தத்து. இன்னொரு தத்து. சட்டென்று ஓட்டை வழியே தொட்டிக்குள் நுழைந்து, மண்ணில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாடா!" என்றாள் வாயாடி. அதைவிடப் பலமாக மூச்சு விட்டவர் மாமா.

"இங்க யாரும் வரமாட்டாங்க, யாரும் அலறமாட்டாங்க. சரிதானே?"

"சரிதான் தாயே."

மறுவாரம் மாமா துடைப்பத்தோடு கிளம்பினார். பின்சுவர் மூலைக்கு வந்ததும் பினாயில் வாளியைத் தூரத்தில் வைத்தார். குனிந்து, தொட்டியை விரலால் தட்டினார்.

"ஐயா உள்ளதானே இருக்கீங்க?"