அறுபதாவது ஆள்

அன்று மதியம் அங்கே இருந்தவர்கள்: பல்கலைக்கழக ஆய்வாளர் மாதவி, அவளோடு வேலை செய்யும் பிரையன், வாசல் காவலர் கார்த்திகேசு. வேறு யாரும் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கிடங்கைக் கலை மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தலைக்கு மேல் உயர்ந்த மரத் தடுப்புகள். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைவதுபோலவே நடைவழியும் வளைந்து போகும். மாதவியின் யோசனை. கோலத்தில் முட்டுச்சந்தே கிடையாது என்று எழுதித்தான் மானியம் வாங்கினாள். அந்தக் கோட்டுக்கு முடிவும் கிடையாதே என்று எவரும் கேட்கவில்லை.

தீப்பிடித்தால் மூன்று நிமிடத்தில் எல்லாரும் வெளியேற வேண்டும். கணினியில் அறுபது கற்பனை ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் தப்பினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் நடு வளைவில் போய், சுவரைப் பார்த்து நின்றது. எங்கிருந்து கிளப்பிவிட்டாலும் அங்கேயே.

ஐந்து மணிக்குள் மாதவி கையெழுத்திட்ட அறிக்கை தீயணைப்புத் துறைக்குப் போகாவிட்டால் திட்டம் போய்விடும். அவள் வேலையும்.

"அந்த அறுபதாவது ஆள என்னா பண்ணுன?" என்றான் பிரையன்.

"நேத்தே தூக்கிட்டேன்."

"தூக்கி எங்க போட்ட?"

"டிலீட் பண்ணேன் டா. அது வெறும் நம்பர், உன் மாமனா?"

பிரையன் சிரித்தான். ஆனால் உள்ளே வரவில்லை. ஸ்டாப்வாட்சோடு வாசலிலேயே நின்றுகொண்டான். நடுவிலிருந்து வாசல்வரை நிஜமாக ஒருவர் நடந்து காட்ட வேண்டும். மாதவி போனாள்.

"மழ வருது மா, சீக்கிரம் முடிங்க லா," என்று கார்த்திகேசு குரல் கொடுத்தார்.

மூன்றாவது வளைவில் தெருச் சத்தம் நின்றுபோனது. ஈர மரத்தின் வாடையோடு வியர்வை நாற்றமும் கலந்து வந்தது. குளித்துப் பல நாளான உடம்பின் நாற்றம்.

நடு வளைவு.

தடுப்புகள் போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் அங்கே, நெற்றி உயரத்தில், மரம் எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்ந்து பளபளத்தது. வருடக்கணக்காக யாரோ தலையைச் சாய்த்து நின்ற மாதிரி.

"ஸ்டார்ட்!" பிரையனின் குரல்.

அவள் நடந்தாள். அவளுக்கு எதிரே, அடுத்த வளைவுக்கு அப்பால், அவளுடைய செருப்புச் சத்தமே கேட்டது.

அவள் நின்றாள்.

அது நிற்கவில்லை.

ஓடினாள். வளைவு, இன்னொரு வளைவு, மறுபடியும் ஒன்று. எதிரே அதே பளபளப்பு.

"ரெண்டு நிமிஷம் முப்பத்தெட்டு செகண்ட்!" தூரத்தில் பிரையன் கத்தினான். "பரவால்லயே மாதவி!"

"நான்தான் சொன்னேன்ல?" என்றது அவளுடைய குரல். வாசலிலிருந்து.

மாதவி வாய் திறந்து அலறப் பார்த்தாள். காற்றுகூட வெளியே வரவில்லை. கைகள் இரண்டும் தானாகத் தொங்கின. நெற்றி மெல்லச் சாய்ந்து மரத்தில் பதிந்தது. அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

"சைன் பண்ணிட்டியா?" பிரையனின் குரல்.

"பண்ணிட்டேன். நீ போய் கார எடு."

"உள்ள யாரும் இல்லயே மா?" என்று கார்த்திகேசு கேட்டார்.

"யாருமில்ல அங்கிள். பூட்டிடுங்க."

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளியே போனவளுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது.