செல்லுன்னா என்னவே?

ஃபோன் அலறியது.

ஐந்தருவியில் சீசன் கூட்டத்தை வரிசைக்குள் தள்ளிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் சுடலைராஜ், சாரலில் நனைந்த கையோடு எடுத்தார்.

"சார்... செல்லு செத்துப்போச்சு." பெண் குரல்.

"சார்ஜ் போடுங்கம்மா. போலீஸ்ட்ட ஏன் சொல்லுதீய?"

"அந்த செல் இல்ல சார். உயிருள்ள செல்லு. யாரோ கொன்னுட்டாங்க..."

சுடலைராஜ் ஃபோனை ஒருமுறை முறைத்தார். அவர் சர்வீஸில் இப்படி ஒரு கொலை வந்ததில்லை!

குற்றாலம் ரோட்டில் அந்தத் தனியார் ஆராய்ச்சி மையம். ஃபோன் செய்த பேராசிரியை பர்சானா வாசலிலேயே நின்றாள். உயிரியல் பொறியியல் படித்து, வெளிநாட்டு வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊர் தென்காசிக்கு வந்தவள்.

"மஞ்சுன்னு ஒரு டீச்சர் சார். ரத்தப் புற்றுநோய். அவங்க ரத்தத்துலருந்தே செல் எடுத்து, நோயோட சண்டை போடப் பழக்கி, ஒரு பையில வளர்த்துத் திரும்ப ஏத்தணும். இன்னைக்கு ஏத்துற நாள்."

"ஏத்தலன்னா?"

"அவங்களுக்கு வேற வைத்தியம் பாக்கி இல்ல."

சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சுடலைராஜுக்கு அது பிடிக்கவில்லை.

செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்தாள். குப்பென்று மருந்து நெடி! உள்ளே இருந்த பை முழுக்க ஈரம்.

"பாவம், அந்த ஆளு தெரியாம செஞ்சுட்டான் சார்."

பின்னால் பேராசிரியர் ஞானதுரை. பர்சானாவின் பிஎச்.டி.க்கு கைடாக இருந்தவர்; இப்போது இதே மையத்தில் வேலை.

"எந்த ஆளு?"

"வீரபாகு. கேன்டீனுக்குப் பூச்சி மருந்து அடிக்க வந்தவன். 'இந்த ரூம்ல செல்லு வளருது'ன்னு நாங்க பேசுனதக் கேட்டிருக்கான். எங்க சுரண்டைல செல்லுன்னா கறையான்லா சார். உள்ள பூந்து அடிச்சுட்டான்."

"கதவு?"

"தொறந்து கெடந்துது. பர்சானா பூட்ட மறந்துட்டா. நான் என்னத்தச் சொல்ல..."

நம்பும்படிதான் இருந்தது. சுடலைராஜின் அம்மாவும் பீரோவைச் செல்லு அரிச்சுட்டு என்றுதான் புலம்புவாள்.

"இந்த வைத்தியம் ஜெயிச்சா யாருக்கு லாபம்?"

"எனக்கு டைரக்டர் பதவி" என்றாள் பர்சானா.

"தோத்தா?"

"சாருக்கு."

ஞானதுரை சிரித்தார். "அவ எனக்குப் பெத்த பிள்ள மாதிரி சார்."

பெத்த பிள்ளை மாதிரி என்கிறவர்களை சுடலைராஜ் ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறார்.

கான்ஸ்டபிள் வீரபாகுவைக் கூட்டிவந்தார். "சத்தியமா கேன்டீனத் தாண்டி வரலய்யா."

சுடலைராஜ் ஜன்னல் சட்டத்தைப் பார்த்தார். மரத்தின் மேல் கோடு கோடாக மண்.

"இங்கன வா. இது என்னவே?"

"சிதலுய்யா."

"என்னது?"

"சிதலு. மரத்தத் திங்கும்லா. எங்க புளியறைல அப்பிடித்தான் சொல்லுவோம். தாண்டுனா கேரளால்லாய்யா."

"அப்ப செல்லுன்னா?"

வீரபாகு திருதிருவென்று விழித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து நீட்டினான்.

ஞானதுரையின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"சார்வாள், செல்லு வளருதுன்னு கேட்டா இவன் சார்ஜரல்லா தேடியிருப்பான். மருந்து அடிக்கத் தோணுனது சுரண்டைக்காரருக்குத்தான். கார் சாவியக் குடுங்க."

கான்ஸ்டபிள் டிக்கியைத் திறந்தார். அதே நெடி... அதே மருந்து டப்பா!

"நான் வளத்துவிட்டவ, எனக்கு மேல நாற்காலி போட்டு உக்காருவாளா?" ஞானதுரையின் குரல் உடைந்தது. "மஞ்சு சாகணும்னு நெனைக்கல..."

"சாக மாட்டாங்க சார்" என்றாள் பர்சானா. "போன வாரம் யாரோ இந்தப் பெட்டியோட சூட்ட மாத்தி வச்சாங்க. அன்னைலருந்து எனக்கு சந்தேகம். மஞ்சுவோட பை காலையிலயே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு. இப்ப ஏறிட்டு இருக்கும். நீங்க கொன்னது பொறியா வச்ச பை, என் ரத்தத்துல வளத்தது."

சுடலைராஜ் அவளைப் பார்த்தார். "அதான் அழலியா?"

"அழுதேன் சார். சந்தேகம் இவர் மேலன்னு தோணுன அன்னைக்கே."

ஞானதுரை ஜீப்பில் ஏற்றப்பட்டார். வீரபாகு தயங்கித் தயங்கி வந்தான்.

"அய்யா, அந்த ஜன்னல்ல நெசமாவே சிதலு இருக்கு. மருந்து அடிச்சிரட்டா?"

"அடிச்சிருவே. பெரிய சிதல நான் கூட்டிட்டுப் போறேன்."