ஒரு கம்ப்ளைண்டும் வரக்கூடாது

பகல் பதினொன்றேகால் மணிக்கு சண்டே உட்கார்ந்தான்.

நாய் என்றால் உட்காரத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். மௌரீனும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் நாலாவது மாடியில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் படிவங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. நடுநடுவே செல்போனைத் திறந்து, வீட்டு ஹாலில் வைத்திருக்கும் சின்னக் கேமரா வழியாக நாய் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்வாள். சண்டே பகலெல்லாம் பாயில் சுருண்டு தூங்குவான். அன்றைக்குத் தூங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, சமையலறை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அப்படி அவன் தானாக உட்காரமாட்டான். அவள் உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே காட்டி மெதுவாகக் கீழே இறக்கினால் மட்டும்தான் உட்காருவான். அவள் கையோ எட்டு கிலோமீட்டர் தள்ளி மவுஸின் மேல் இருந்தது.

நான்கு நிமிஷம் கழித்து சண்டே எழுந்து பாய்க்குப் போனான். அவளும் அடுத்த படிவத்தைத் திறந்தாள்.

வாடகைக்கு வீடு தேடி நாய் படாத பாடு பட்டேன் என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மௌரீன் நாயையும் கூட வைத்துக்கொண்டு பட்டாள். காக்ஸ் டவுனில் பதினான்கு வருஷம் குடியிருந்த வீட்டை ஓனர் பில்டரிடம் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, புரோக்கர் கோவிந்தனின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆட்டோ பிடித்துப் போய் இருபத்தாறு வீடுகள் பார்த்தாள். ஒரு வீட்டில் நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே கேட்டைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் நாய் பரவாயில்லை, மீன் மட்டும் பொரிக்கக் கூடாது என்றார்கள். மற்றொன்றில் மீனும் இருக்கட்டும், தனியாக இருக்கிற பொம்பளைக்கு மட்டும் கொடுப்பதில்லை என்றார்கள். இவளிடம் எல்லாக் குறையும் இருந்தது.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது," என்றான் கோவிந்தன். "நாயை எங்கயாவது விட்டுட்டீங்கன்னா நாளைக்கே பத்து வீடு காட்டுறேன்."

அண்ணன் கிளாரன்ஸும் அதைத்தான் சொன்னான். "ஷெல்டர்ல கொண்டுபோய் விட்டுடு மௌரீன். என் கார்லயே கூட்டிட்டுப் போறேன். ஃபிராங்க்ளின் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் வளர்த்த நாய்க்காக நீ ரோட்டுல நிப்பியா?"

புருஷன் ஃபிராங்க்ளின் ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் வாசலில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்தான். அதனால்தான் அந்தப் பெயர். ஃபிராங்க்ளின் செத்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. சாப்பாடு, டிவி, மனிதர்கள் பேசும் பேச்சு எல்லாமே, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல மரத்துப் போய்விட்டன. ராத்திரி காலடியில் படுக்கும் சண்டேயின் சூடு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அவனையும் விட்டுவிட்டால் தான் உயிரோடு இருப்பதே தனக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாள். அந்தப் பயம் ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது.

இருபத்தேழாவது வீடு சந்தாபுராவில் வீணாவுடையது. கீழே வீணா குடும்பம், நடுவில் காலியாகக் கிடந்த வீடு, மேலே ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்க்கும் சுப்ரியா என்ற பெண்.

"நாய் இருக்கட்டும், பரவாகில்லா," என்றாள் வீணா, கன்னடம் கலந்த தமிழில். "சத்தம் மாத்திரம் கூடாது. மேல அந்தப் பொண்ணு பகல்ல தூங்கறாள். ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் அந்த மாசமே காலி. அக்ரிமெண்ட்லயே எழுதிடறேன், நோடி, பாத்துக்கோங்க."

மௌரீன் மூன்று வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டாள். சண்டே லேசுப்பட்ட நாயல்ல. பால்காரனைப் பார்த்துக் குரைப்பான், இடி இடித்தால் குரைப்பான், ஒன்றுமில்லாவிட்டால் கோவில் மணிக்குப் பதில் குரைப்பான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் உள்ளங்கையைக் காட்டி இறக்கி உட்காரவைத்தாள். முதல் வாரம் குரைப்பு பாதியில் நின்றது. இரண்டாவது வாரம் தொண்டைக்கு வந்து உருண்டு கீழே இறங்கியது; இறங்குவது கண்ணுக்கே தெரியும். மூன்றாவது வாரம் தொண்டைகூட அசையவில்லை. கெட்டிக்காரன் என்று தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, அவள் கோவிந்தனுக்கு போன் போட்டுச் சரி என்றாள்.

மறுநாளும் பதினொன்றேகாலுக்கு சண்டே உட்கார்ந்தான். இந்த முறை ஒன்பது நிமிஷம். அதற்கு அடுத்த நாள் அரை மணி நேரம். காது ஆடவில்லை, வால் ஆடவில்லை. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அதையும் அவன் விரட்டவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். சிங்க், அடுப்பு, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் ஒரு வாடை இருந்தது. தலை குளித்துவிட்டு ஈரம் காயாமல் கொண்டை போட்டு, ராத்திரி அவிழ்த்தால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை. மௌரீனுக்குக் குட்டை முடி. ஜன்னலைத் திறந்து வைத்தாள். வாடை போகவில்லை. சமையலறையின் நடுவில், அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, அது அடர்த்தியாக இருந்தது.

கீழே போய் வீணாவிடம் கேட்டாள். "உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கா? பகல்ல யாராவது வீட்டுக்கு வர்றீங்களா?"

"நான் எதுக்கம்மா வர்றேன்? இருந்த ரெண்டு சாவியும் உங்ககிட்டயே குடுத்துட்டேன்," என்றாள் வீணா. உடனே முகத்தைச் சுருக்கினாள். "ஏன், ஏதாவது கம்ப்ளைண்டா?"

"இல்ல, இல்ல," என்று மௌரீன் அவசரமாகச் சொன்னாள்.

சந்தாபுரா கடைத்தெருவில் கனமான பூட்டு ஒன்று வாங்கி வெளியே போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பதினொன்றேகாலுக்கு சண்டே உட்கார்ந்தான்.

சரி, சமையலறையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று, மறுநாள் காலை கேமராவை இடம் மாற்றினாள். ஹால் சுவரில் பதித்த பலகையில், சுவரோடு ஒட்டி, சமையலறை வாசல் முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்தாள். பதினொரு மணியிலிருந்தே போனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆபீஸ் ஏசியின் இரைச்சல், பக்கத்து சீட்டில் யாரோ பிரித்த சிப்ஸ் பாக்கெட்டின் மசாலா மணம், பிரிண்டரிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழும் காகிதம், இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தன. சமையலறை வாசல் காலியாக இருந்தது. சண்டே பாயிலிருந்து எழுந்தான். வாசல் பக்கம் போகவில்லை. ஹாலின் நடுவுக்கு வந்தான். கேமராவைப் பார்த்துத் திரும்பினான். உட்கார்ந்தான்.

அவன் கண் கேமராவில் இல்லை. கேமராவுக்குச் சற்று மேலே இருந்தது.

கேமராவுக்குப் பின்னால் ஒரு விரல் அளவுகூட இடம் கிடையாது. சுவர்தான்.

மௌரீன் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன் மேல் கிடந்த தன் கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோவிந்தனைக் கூப்பிட்டாள்.

"வேற வீடு ஏதாவது இருக்கா கோவிந்தன்?"

"என்ன மேடம் இது, பால் காய்ச்சி ரெண்டு வாரம் ஆகல! நாயைச் சேர்த்துக்கிற ஓனர் இந்தப் பக்கம் அத்திபெலே வரைக்கும் இந்தம்மா ஒருத்திதான். வீட்டுல என்ன பிரச்சனை?"

என்ன சொல்வது? நாய் உட்காருகிறது என்றா? "ஒண்ணுமில்ல," என்றாள்.

அன்று மாலை கேமராவைப் பிடுங்கி டிராயரில் போட்டாள். பார்க்காமல் இருந்தால் ஒன்றுமில்லை. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? வாடைக்குப் பழகினாள். காலையில் கழுவி வைத்த தரையில் சாயங்காலம் நீளமாக ஓர் ஈரக்கோடு இருக்கும், துடைத்துவிடுவாள். சண்டே இப்போது அவள் வரும்போது கதவுக்கு ஓடி வருவதில்லை. இருந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, எழலாமா என்று கேட்பது போல முதலில் அவள் தலைக்கு மேலே பார்த்துவிட்டுப் பிறகுதான் எழுந்து வந்தான். பிள்ளை என்னமோ ஆகிறான், தன்னிடமிருந்து போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழ வேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை.

வெள்ளிக்கிழமை, மாடி வீட்டு சுப்ரியா அந்தக் கட்டிடத்தின் வாட்ஸப் குரூப்பில் எழுதியிருந்தாள்: "மௌரீன் ஆன்ட்டி வீட்டுல நாய் இருக்கறதே தெரியல. சூப்பர்!" கீழே வீணா கைகூப்பிய படம் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. ஐந்தரைக்குக் கரண்ட் போனது. ஹாலில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மடியில் தலை வைத்திருந்த சண்டேயின் காதுக்குள் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள் மௌரீன். மாடியிலிருந்து குழாய் வழியாக இறங்கும் மழைத் தண்ணீரின் கடகடப்பும், கீழே வீணா வீட்டில் தாளிக்கும் கடுகின் வெடிப்பும், நெடுஞ்சாலையில் ஓசூர் பக்கம் போகும் லாரிகளின் ஹார்னும் ஒன்றோடொன்று கலந்து, இருட்டிக்கொண்டே வந்த அந்த அறையை ஏதோ பாதுகாப்பான இடம் போலக் காட்டின. நாயின் சூடு தொடையில் இதமாக இருந்தது. நெடுநாள் கழித்து அவளுக்குக் கண் சொக்கியது.

சண்டே மடியிலிருந்து தலையை எடுத்தான்.

எழுந்தான். இரண்டடி தள்ளிப் போய் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். முதுகு நிமிர்ந்தது. வாய் மூடியது.

"சண்டே," என்றாள். "வாடா இங்க."

அவன் சமையலறை வாசலைப் பார்த்தான். பிறகு அவன் கண் நகர்ந்தது. மெதுவாக. நடந்து வரும் ஒருவரைப் பார்ப்பது போல. சாப்பாட்டு மேஜை. ஜன்னல். பலகை. கண் உயர்ந்துகொண்டே வந்தது. அவளுக்கு மேலே வந்து நின்றது.

அவள் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒன்றுமில்லை.

வாடை வந்தது.

ஈரமான ஏதோ ஒன்று அவள் தோளில் படிந்தது. ஒன்றல்ல. நிறைய. நீளமாக. மேலிருந்து தொங்கியது. கழுத்தோரம் வழிந்து மடியில் சுருண்டது. சில்லென்றிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

அலறல் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

மேலே சுப்ரியா தூங்குகிறாள். கீழே வீணா. ஓடி வருவார்கள். என்ன என்று கேட்பார்கள். ஒரு கம்ப்ளைண்ட். அந்த மாசமே காலி. கிளாரன்ஸின் கார். ஷெல்டர். கம்பிக்கூண்டுக்குள் சண்டே.

அலறல் உருண்டது. கீழே இறங்கியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம். "மேடம்?" வீணாவின் குரல். "கரண்ட் போயிருச்சு. மெழுகுவத்தி ஏதாவது வேணுமா?"

கதவு ஆறு அடி தூரத்தில் இருந்தது. ஒரு சொல் போதும். வீணா என்று ஒரு சொல்.

"மேடம்?"

சண்டே அவளைப் பார்க்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னங்கால்கள் நடுங்கின.

"தூங்கறாங்க, பாவம்," என்று வீணா கதவுக்கு வெளியே யாரிடமோ சொன்னாள். "ரொம்ப ஒள்ளே ஜனம், நல்லவங்க. உள்ள ஆள் இருக்கறதே தெரியாது." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

கரண்ட் வந்தது. டியூப் லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது.

ஹாலில் யாரும் இல்லை. தோளிலும் மடியிலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கனம் மட்டும் இருந்தது. அவளும் சண்டேயும் இருந்தார்கள். சண்டேயின் நெற்றி முடி தானாக அமுங்கியது. அமுக்கம் நெற்றியிலிருந்து காதுகளுக்கு நடுவே போய், பிடரிவரை மெதுவாக இறங்கியது. பழுப்பு முடியில் விரல்கள் போன தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. அதே நேரத்தில், அதே வேகத்தில், அவள் நெற்றியிலிருந்தும் பிடரிக்கு ஒரு கை இறங்கியது. பிரியமாகத் தடவியது. இரண்டு வருஷமாக எதுவும் உறைக்காத அவளுக்கு அது நன்றாக உறைத்தது. ஒவ்வொரு விரலும் உறைத்தது.

சண்டேயின் தலையில் இருந்த பள்ளங்களை அவள் எண்ணினாள். ஏழு.

முடி நிமிர்வதற்குள் கை மறுபடியும் நெற்றிக்கு வந்தது. இருவரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.