ஒப்புமை தொண்ணூறு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேயமலர் குரல் பதிவகத்துக்குப் போய்வர வேண்டும். கண்ணாடி அறைக்குள் நின்று, திரையில் வரும் பத்து வரிகளைப் பாடினால் போதும். ஒப்புமைமானி தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அவள் குரலை நகலெடுத்த நிழற்குரல் மேலும் ஆறு மாதம் ஒலிக்கலாம். உயிரோடிருக்கும் ஒருவரின் தொண்டையோடு ஒத்துப்போகாத செயற்கைக் குரல் எதுவும் பொதுவெளியில் பாடக் கூடாது என்பது 2058ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்த நிழற்குரல் அவளுக்குச் சொந்தமில்லை. பத்தொன்பது வயதில், முதல் பாடலைப் பதிவு செய்த மகிழ்ச்சியில், ‘சுவரவலை’ நிறுவனம் நீட்டிய மேலாண்மை ஒப்பந்தத்தில் படிக்காமலே விரல் வைத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அது அவளைவிட அதிகமாகப் பாடியிருந்தது. பொறுத்துக்கொண்டாள், நண்டுக்குப்பத்தின் முறை வரும்வரை.

நண்டுக்குப்பம் அவள் பிறந்த ஊர். துறைமுக விரிவாக்கத்துக்காக ஊரைக் காலிசெய்யச் சொல்லி, காலைதோறும் பறக்கும் ஒலிபெருக்கிகள் அவள் குரலில் கொஞ்சிக் கொஞ்சிப் பாடின. பாளையம், அவளுடைய அப்பா, போனில் அழைத்தார். “நீ பாடலன்னு எனக்குத் தெரியும்மா. ஊருக்கு எப்டி சொல்றது? வலை இழுக்கக்கூட யாரும் என்னைக் கூப்டறதில்ல.”

வழக்கறிஞர் ருக்சானா ஒப்பந்தத்தைத் திரையில் விரித்தாள். “மேலாண்மையை ரத்து பண்ணிடலாம், மேடம். ஆனா குரல் அவங்களோடதுதான். அது எதைப் பாடணும்கிற உரிமையையும் பதினேழாவது பிரிவுல குடுத்துட்டீங்க.”

“பதிவகத் தேர்வுக்குப் போகலைன்னா?”

“போன தடவை வந்த அளவே செல்லும்னு எழுதி வெச்சிருக்காங்க.”

“போயும் ஒத்துப்போகலைன்னா?”

ருக்சானா ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள். “வேணும்னே மாத்திப் பாடினா மெஷின் கண்டுபிடிச்சிடும். தொண்டையே மாறியிருந்தாத்தான் உண்டு. அதைப்பத்தி இதுல ஒரு வரிகூட இல்ல. ஆனா வேணாம் மேடம், அப்புறம் நீங்க பாடவே முடியாது.”

மூன்று மருத்துவர்கள் மறுத்தார்கள். நான்காமவர் இரண்டு முறை கையெழுத்து வாங்கிக்கொண்டார். தொண்டை அறுவைச் சிகிச்சைக்கு முன், மருத்துவமனைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள் நேயமலர். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை.

அடுத்த தேர்வில் ஒப்புமைமானி நாற்பத்தொன்று காட்டியது. அதிகாரி மூன்று முறை பாடச் சொன்னார். மூன்று முறையும் கரகரவென்று காற்றுதான் வந்தது. மறுநாளே ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன.

அவள் ஊருக்குப் போனாள். குப்பத்துப் பெண்கள் அவள் பேசுவதைக் கேட்டு அழுதார்கள். பாளையம் முள்ளெடுத்த மீனை அவள் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் காலை ஒலிபெருக்கிகள் திரும்பி வந்தன. அதே பாட்டு; குரல் மட்டும் வேறு. மிக இளசான, தெளிந்த குரல்.

பாளையம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“பாவம்” என்றார். “இது யார் வீட்டுப் பொண்ணும்மா?”